‘ஆத்தா, பிள்ளை அழுகுது’: தானாக முன்வராத மாமியாரும் நான் எடைபோட்ட வழிகளும்

அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் ஆபீஸ் போன். வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், தூணோரம் உட்கார்ந்து பிள்ளை வீறிட்டு அழுகிறாள். அவளுக்கு இரண்டு முழம் தள்ளி என் மாமியார், மடியில் முறத்தை வைத்துக்கொண்டு மொச்சை உரிக்கிறார். உட்கார்ந்த இடத்திலிருந்தே, அடுப்படி இருக்கிற இரண்டாங்கட்டுக்குக் கேட்கும்படி குரல் கொடுக்கிறார்: “ஆத்தா, பிள்ளை அழுகுது.”

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். பிள்ளை போட்ட சத்தம் கோட்டையூரில் எங்கள் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். பிள்ளைக்கு ஒரு கை வேண்டியிருந்த நேரத்தில் எனக்கு ஒரு செய்தி கிடைத்தது.

கொடுமைக்கார மாமியார் கதை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்துபோவீர்கள். என் மாமியார் என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. சொன்ன வேலையை முகம் சுளிக்காமல் செய்வார். சொல்லாத வேலையைச் செய்ய மாட்டார், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு பெரியது என்பது கைப்பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். வெளியில் சொன்னால், “நல்ல மாமியாராச்சே, உனக்கு என்ன குறை?” என்பார்கள். குறையைச் சொல்ல வாயும் வராது. அடித்தார், திட்டினார் என்றால் சொல்லலாம். ‘எழுந்திரிக்கவில்லை’ என்று யாரிடம் போய்ச் சொல்வது?

என் நிலவரம் இது. முதல் பிரசவம் வழக்கம்போல அம்மா வீட்டில், தேவகோட்டையில். பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது கோட்டையூருக்கு வந்தேன். பேறுகால விடுப்பு 26 வாரம் முடிந்ததும் காரைக்குடியில் நான் முன்பு பார்த்த ஆடிட்டர் ஆபீஸிலேயே திரும்பச் சேர்ந்தேன். வீட்டுக்காரருக்குத் திருச்சியில் வேலை. திங்கள் விடியற்காலை கிளம்பினால் வெள்ளி ராத்திரிதான் முகத்தைப் பார்க்கலாம். ஆக வாரத்தில் ஐந்து நாள், முகப்பிலிருந்து கொல்லை வரை அந்த நீண்ட வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். நான் கிளம்பினால் இரண்டு பேர்.

முதலில் நான் பிடித்துக்கொண்ட வழி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போவது. பத்து மணிக்குக் கேழ்வரகுக் கூழ், பன்னிரண்டரைக்குப் பருப்புச் சாதம், தூங்கி எழுந்தால் தண்ணீர், நாலு மணிக்கு வாழைப்பழம். சொன்னதெல்லாம் சொன்னபடி நடக்கும். ஒருநாள் மதியம் சாப்பிட வந்தபோது, பிள்ளை நனைந்த ஜட்டியோடு தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாள். துணி குளிர்ந்துபோயிருந்தது, நனைத்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்டேன். “மாத்தச் சொல்லலையே ஆத்தா” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

சொல்லிவிட்டுப் போவதில் உள்ள கஷ்டம், சொல்வதும் ஒரு வேலை என்பதுதான். உடம்பு காரைக்குடியில் வரவு செலவுச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். மனசு கோட்டையூரில், தயிரை வெளியே எடுத்து வைக்கச் சொன்னோமா, ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னோமா என்று ஓடிக்கொண்டிருக்கும். வேலை பாதிதான் குறைந்தது. யோசிக்கிற பாதி அப்படியே என் தலையில் இருந்தது.

இரண்டாவது வழி, வாயைத் திறக்காமல் இருப்பது. ‘வயசானவர், எதிர்பார்ப்பை விட்டுவிடு, மனசு லேசாகிவிடும்’ என்று பலரும் சொன்னார்கள். நானும் முயன்றேன். எதிர்பார்ப்பு போன மாதிரி தெரிந்தது, போகவில்லை. உள்ளே போய்க் கணக்கெழுத உட்கார்ந்துகொண்டது. நாங்கள் செட்டிநாட்டு நகரத்தார், ரங்கூனிலும் பினாங்கிலும் பேரேடு எழுதின வம்சம்; எனக்குச் சொல்லித் தரவா வேண்டும்? இன்று பால் பாட்டில் கழுவவில்லை, பற்று. பிள்ளை தடுக்கி விழுந்தபோது ‘ஐயோ’ என்றார், எழுந்து வரவில்லை, பற்று. வரவுப் பக்கம் எழுத எனக்குக் கை வரவே இல்லை. ஒருநாள் ரசத்தில் உப்புக் குறைவு என்று அவர் மெதுவாகச் சொன்னதற்கு, அந்த ஐந்தொகை முழுவதையும் எடுத்து அவர் தலையில் கொட்டப் பார்த்தேன். நல்லவேளை, பாதியில் போன் அடித்தது. மௌனமாக இருந்தே சமாதானம் அடைகிறவர்கள் இருக்கலாம். எனக்கு அது வட்டியோடு வளர்கிற கடன்.

மூன்றாவது, வீட்டுக்காரரைவிட்டுச் சொல்லச் சொல்வது. இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ‘உங்க அம்மா, நீங்களே சொல்லுங்க’ என்பது கேட்க நியாயமாக இருக்கும். அவர் திருச்சியிலிருந்து போனில் சொன்னார். மூன்று நாள் வீட்டில் ஒரே சுறுசுறுப்பு. பிள்ளை இருமினால்கூட எழுந்து நின்றார். நாலாம் நாள் என்னிடம், “அவன்கிட்டச் சொல்லிட்டியாக்கும்” என்று மட்டும் கேட்டார். அடுத்த இரண்டு வாரம் வளவில் எங்கள் இருவர் காலடிச் சத்தத்தைத் தவிர வேறு பேச்சில்லை. இருக்கிற வழிகளிலேயே மோசமானது இதுதான் என்பேன். மகன் வாயால் வரும்போது, கேட்கிற உதவி புகாராக மாறிவிடுகிறது. மாமியார் மருமகளிடம் தோற்றதாக அதற்கு அர்த்தமாகிவிடும்.

இதற்கு நடுவில் என் நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்தார்.

அந்த மூன்று மாதத்தில் நான் பார்த்த மனுஷி வேறு ஆள். விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு எரியும். பூண்டுக் குழம்பு ஒரு பக்கம், குளிக்க வெந்நீர் ஒரு பக்கம். ராத்திரி பிள்ளை முனகினால் போதும், அழக்கூட வேண்டாம், மாமியார் எழுந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பார். காலை நீட்டிப் போட்டு, பிள்ளையைக் கவிழ்த்துக் கிடத்தி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற லாவகத்தைப் பார்த்து வாய்பிளந்து நின்றேன். எத்தனை பிள்ளை வளர்த்த கை! யாரும் அவருக்கு எதையும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் என் கோபம் உச்சிக்கு ஏறியது. தெரியாமல் இருந்தால் மன்னிக்கலாம். தெரிந்திருந்தும் என் பிள்ளை அழும்போது மொச்சை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா?

பக்கத்து வீட்டு ஆச்சியிடம் பொருமினேன். எண்பதை நெருங்கும் ஆச்சி, வாயில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னது: “அங்கெ அவ ஆயா. ஒன் பிள்ளைக்கு அவ அப்பத்தா. குண்டி கழுவுறது ஆயா வேல. மடியில வாங்கி, காப்பப் போட்டு, கொஞ்சிட்டுக் குடுக்குறது அப்பத்தா வேல. ஒன்ன யாரு இவகிட்ட வந்து பிள்ள வளக்கச் சொன்னா?”

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு: எங்கள் பக்கம் ஆயா என்றால் அம்மாவின் அம்மா. அப்பாவின் அம்மா அப்பத்தா. பிள்ளை பார்க்கச் சம்பளத்துக்கு வருகிறவரை ஆயா என்று சொன்னால் வீட்டில் குழப்பம் வரும். வந்தது. “ஒரு ஆயா வைக்கலாம்னு இருக்கேன்” என்று நான் போனில் சொன்னதைக் கேட்டு, தேவகோட்டையில் என் அம்மா, “ஏன், நான் செத்தா போயிட்டேன்?” என்றார்.

ஆச்சி சொன்னதை யோசிக்க யோசிக்கச் சில விஷயம் பிடிபட்டது. பிரசவம், பத்தியம், தொட்டில், முதல் ஐந்து மாதத் தூக்கமின்மை எல்லாம் எங்கள் வழக்கப்படி பெண் வீட்டுப் பொறுப்பு. பிள்ளை தலை நின்று, சிரிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் அப்பத்தா வீட்டுக்கு வரும். ஆக, ஒரே பெண்மணி மகள் பிள்ளைக்குக் கைதேர்ந்த தாதியாகவும் மகன் பிள்ளைக்கு விருந்தாளி மாதிரியும் இருப்பதில் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்று, ‘வேறு வைப்பது’. நகரத்தார் வீடுகளில் கல்யாணமான மகனையும் மருமகளையும் சில காலம் கழித்து, நல்ல நாள் பார்த்து, அதே வீட்டுக்குள்ளேயே தனி அடுப்பு மூட்டி வைப்பார்கள். கூரை ஒன்று, வளவு ஒன்று. உலை வேறு, அரிசி வேறு, செலவுக் கணக்கு வேறு. கோயில் கணக்கிலும் கல்யாணமான ஜோடி தனிப் புள்ளி. எனக்கு அதைச் சடங்காக மட்டும் செய்தார்கள்; ஒருநாள் தனி அடுப்பில் பால் காய்ச்சினேன், மறுநாளிலிருந்து ஒரே சமையல். ஆனால் என் மாமியாருக்கு அது நிஜம். அவர் புதுப்பெண்ணாக வந்து வேறு வைத்த பிறகு, அவருடைய மாமியார் அவர் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்ததில்லையாம். நல்ல மாமியார் என்பதற்கு அவர் கற்ற இலக்கணமே அதுதான்: மருமகள் எல்லைக்குள் கேட்காமல் காலை வைக்காதவர். என் பார்வையில் சோம்பலாகத் தெரிந்தது அவருக்கு மரியாதை. இன்னொன்றும் தோன்றியது. அவர் பிள்ளை வளர்த்த நாளில் அந்த வளவைச் சுற்றி நாலைந்து புள்ளி குடியிருந்தது. ஒரு பிள்ளை அழுதால் யார் கை காலியோ அவர் தூக்குவார். ‘ஆத்தா, பிள்ளை அழுகுது’ என்று பொதுவாக ஒரு குரல் விட்டால் போதும், எந்த அறையிலிருந்தாவது யாராவது வருவார்கள். இன்றைக்கு அந்தக் குரலுக்கு வர என்னை விட்டால் அந்த வீட்டில் ஆள் இல்லை.

சரி, காரணம் தெரிந்ததால் பிள்ளை அழுகையை நிறுத்திவிடுமா? எனக்குத் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஆபீஸ். அதனால் மிச்ச வழிகளைப் பார்த்தேன்.

பிள்ளையை அம்மாவிடம் விடுவது எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. தேவகோட்டை ஒன்றும் தூரமில்லை. ஞாயிறு சாயங்காலம் விட்டு, வெள்ளி சாயங்காலம் கூட்டிவரலாம். பார்த்துக்கொள்கிற தரத்தில் குறையே இருக்காது. ஒரு மாதம் செய்து பார்த்தேன். நான் இழந்ததை மட்டும் சொல்கிறேன். பிள்ளை முதன்முதலாக ஒரு சொல் பேசினதை நான் போனில்தான் கேட்டேன். அப்புறம், தானாக முன்வருகிறவர்களிடம் வேறு தலைவலி உண்டு. அம்மாவுக்கு எதையும் சொல்ல வேண்டியதில்லை, எதையும் சொல்லவும் முடியாது. பாலில் சர்க்கரை வேண்டாம் என்றால், “ஒன்ன அப்படித்தான் வளத்தேன், கெட்டா போயிட்டே?” முடி இறக்குவதா, காது குத்துவதா, எந்த மருத்துவரிடம் காட்டுவது, எல்லா முடிவும் எனக்குத் தகவலாகத்தான் வரும். ஒருவர் எழுந்திரிக்கவே மாட்டார், இன்னொருவரை உட்கார வைக்க முடியாது. பிரசவம் முடிந்து முதல் வருடம் மட்டும் என்றால் அம்மா வீடுதான் சிறந்தது என்பேன். அதற்குமேல் இழுத்தால், பிள்ளைக்கு அப்பத்தா வீடு என்பது பொங்கலுக்கும் பிள்ளையார் நோன்புக்கும் வந்துபோகிற இடமாகிவிடும். எனக்கும்தான்.

அடுத்தது சம்பளத்துக்கு ஆள். இதில் சட்டம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது. பேறுகாலப் பயன் சட்டத்தை 2017-ல் திருத்தினதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தலா 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 50 பேரோ அதற்குமேலோ வேலை செய்கிற இடமாக இருந்தால் குழந்தைக் காப்பக வசதியும் செய்து தர வேண்டும். எங்கள் ஆபீஸில் 28 பேர், எனவே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தமிழ்நாடு அரசுப் பணியில் இருக்கிறவர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம் விடுப்பு. அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் தோழி பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை இந்தப் பிரச்சினையையே சந்திக்கவில்லை. அங்கன்வாடியில் ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குச் சத்துமாவு தருவார்கள். உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டு, மதியச் சாப்பாடு போடுவது இரண்டு வயது முடிந்த பிறகுதான். அப்போதும் சாயங்காலம் ஆறு மணிவரை வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே, ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில் என்னைப் போன்றவர்களுக்கு வீட்டில் ஒரு மனுஷிதான் கதி.

நாத்தனார் பிரசவத்தோடு எனக்கு வேறு வழியும் இல்லாமல் போனது. ஒன்பதிலிருந்து ஆறு வரை, மாதம் 8,000 ரூபாய்க்குப் பக்கத்து ஊரிலிருந்து ஓர் அக்கா வந்தார். பொறுமையான மனுஷி. நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. அந்த அக்கா வந்த மறுநாளே மாமியார் விழித்துக்கொண்டார். மகள் பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே, கண் மட்டும் இந்தப் பக்கம். “சோத்த நல்லா மசி. அவளுக்குத் தொண்டையில நிக்கும்.” “எண்ணெயை உச்சியில வை.” “அந்தக் கல்லுல தண்ணி கெடக்கு பாரு, பிள்ளை வழுக்கப் போகுது.” எங்கள் வளவில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடி மாதிரி இருக்கும், சொட்டு ஈரம் பட்டால் போதும். ஏழு மாதமாக நான் சொல்லிவிட்டுப் போனதில் இல்லாததெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தது. ஆள் வைத்து வேலை வாங்குவது அவருக்குப் பழகின பொறுப்பு. அதில் யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டே மாதம். அதற்குள் அந்த அக்கா, “ஒரு வேலைக்கு ரெண்டு மொதலாளி ஒத்துவராதும்மா” என்று கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆள் வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அழுதால் தூக்குவது, நேரத்துக்குச் சோறு, ஈரத் துணி மாற்றுவது போன்ற தவறவே கூடாத வேலைகளை உறவின் மேல் ஏற்றாமல் சம்பளத்தின் மேல் ஏற்றுவதுதான் எல்லாருக்கும் நல்லது. சம்பளம் வாங்குகிறவரிடம், “ஏன் மாற்றவில்லை?” என்று கேட்கலாம். மாமியாரிடம் கேட்டால் அது ஒரு வாரத்துக்கு ஓடும். கையில் பணம் இல்லை என்றால் இந்த வழி இல்லை, அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் அதில் போனது.

மிச்சம் இருந்தது நேருக்கு நேர் பேசுவது. இதை இரண்டு தடவை செய்தேன். முதல் தடவை கெட்டது. நாத்தனார் இருந்தபோதே, ஒரு சனிக்கிழமை மதியம், “உங்க மக பிள்ளைன்னா ராத்திரி முழுக்க நிக்கிறீங்க, என் பிள்ளைன்னா உக்காந்த எடத்துல இருந்து செய்தி சொல்றீங்க” என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்த விதத்திலேயே முடிவும் தெரிந்துவிட்டது. அவர் சாப்பிடாமல் உள்வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார். நாத்தனார் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒப்பிட்டுப் பேசினால் ஒருவரும் திருந்த மாட்டார்கள். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் பேசினேன்.

இரண்டாவது தடவை, நாத்தனார் ஊருக்குப் போய், அந்த அக்காவும் போய், வீடு மறுபடி காலியான ஒரு ராத்திரி. கோபமே இல்லை, களைப்புதான். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “அயித்தை, என்னால தனியா முடியல” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “நீதானே ஆத்தா சொன்னே, ஒன்னக் கேக்காம எதுவும் செய்யக் கூடாதுன்னு” என்றார்.

நான் எப்போது சொன்னேன்?

சொல்லியிருக்கிறேன். தேவகோட்டையிலிருந்து வந்த முதல் வாரம். அவர் உரைகல்லை எடுத்துவைத்து, வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் என்று ஒவ்வொன்றாக இழைத்து, சங்கில் வழித்து எடுத்துக்கொண்டு வந்தார். என் பிள்ளைக்காக அவர் யாரும் சொல்லாமல் செய்த முதல் காரியம் அதுதான். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். பிரசவக் களைப்பு, தூக்கமில்லாத கண். சங்கை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி வைத்துவிட்டு, “என்னைக் கேக்காம எதுவும் குடுக்காதீங்க, எதுவும் செய்யாதீங்க” என்றேன். விஷயத்தில் நான் சொன்னது சரி. இன்றைக்கும் அந்த மருந்தைக் கொடுக்க விடமாட்டேன். ஆனால் ‘எதுவும் செய்யாதீங்க’ என்ற சொல்லை நான் மறந்துவிட்டேன், அவர் மறக்கவில்லை. ஒரு வருடத்துக்குமேல் என் உத்தரவை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. அவர் சுபாவத்திலேயே கொஞ்சம் நிதானம் அதிகம். ஆனால் அந்தச் சொல் அவருக்கு வசதியாகவும் இருந்தது, வலியாகவும் இருந்தது என்று நினைக்கிறேன்.

முழங்கால் விஷயமும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. பதினோரு கிலோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தரையிலிருந்து எழ அவரால் முடியாது. மகள் பிள்ளை மூன்று கிலோ, தொட்டிலில் கிடந்தது. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “நீ கேக்கலையே” என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அன்றைக்கு நாங்கள் பேசி முடித்த ஏற்பாடு இது. பகலுக்கு வேறு ஆள் வைப்பது. அந்த ஆள் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார், வேலை வாங்குகிற பொறுப்பு என்னுடையது மட்டும். ஐந்திலிருந்து நான் வருகிற ஆறரை வரை பிள்ளை அப்பத்தாவுடையது. “அந்த நேரத்துல என்ன செய்யணும்னு என்னைக் கேக்க வேண்டாம், நானும் கேக்க மாட்டேன். அடுப்படி, கெணத்தடி, மாடிப்படி மூணும் மட்டும் கூடாது. அழுதா தூக்க வேண்டாம், பக்கத்துல உக்காந்து தட்டிக் குடுங்க. மத்தது உங்க இஷ்டம்” என்றேன்.

முன்பு சொல்லிவிட்டுப் போனதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். அப்போது வேலையைக் கொடுத்தேன், தீர்மானிக்கிற உரிமையை நான் வைத்துக்கொண்டேன். பத்து மணிக்குக் கூழ் என்று நான் சொல்லிவிட்டால், பசிக்கிறதா என்று பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு என்ன இருக்கிறது? செய்ய வேண்டியதைச் சொல்லாமல், கூடாததை மட்டும் மூன்றே மூன்று சொல்லிவிட்டு விலகியபோதுதான் அந்த ஒன்றரை மணி நேரம் அவர் கைக்குப் போனது. எனக்குத் தெரிந்து, எல்லா வழியிலும் இதுதான் வேலை செய்தது.

இதற்கும் விலை உண்டு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளை வாயில் தேன்குழல் இருக்கும். டிவியில் சீரியல் ஓடும், அதன் பாட்டைப் பிள்ளை என்னைவிட நன்றாகப் பாடுகிறாள். தலையில் எண்ணெய் வழியும். என் இஷ்டப்படி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறேன், ஏனென்றால் ஒரு தடவை வாயைத் திறந்தால் பழைய இடத்துக்கே போய்விடுவோம் என்று தெரியும். எல்லாவற்றையும் தன் முறைப்படி நடத்தியே தீர வேண்டும் என்கிறவர்கள், வசதி இருந்தால் ஆள் வைத்துக்கொண்டு, மாமியாரைக் கொஞ்சுவதோடு விட்டுவிடுவது நல்லது. அதிலும் தப்பில்லை.

என் நிலைமை எல்லாருக்கும் பொருந்தாது. உங்கள் மாமியார் முன்பு ஓடியாடி எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டிருந்தவர், கொஞ்ச காலமாகத்தான் எதிலும் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றால், பேச்சுவார்த்தையை ஒத்திவைத்துவிட்டு முதலில் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். காது மந்தம், தைராய்டு, மனச்சோர்வு, மறதி நோயின் தொடக்கம், இவை எல்லாமே வெளியில் பார்க்கச் ‘சும்மா உட்கார்ந்திருக்கிறார்’ என்றுதான் தெரியும். கணவர் இறந்து ஒன்றிரண்டு வருடம்தான் ஆகிறது என்றால் இன்னும் கவனம். அடுப்பை அணைக்க மறக்கிறவரிடம் பிள்ளையைத் தனியே விடவே கூடாது, அங்கே ஏற்பாடு என்ற பேச்சே இல்லை. வேண்டுமென்றே மகள் பிள்ளைக்கு ஒன்று, மகன் பிள்ளைக்கு ஒன்று என்று பிரித்துப் பார்த்து, அதை வாய்விட்டும் சொல்கிறவராக இருந்தால், கேட்டுக் கேட்டு நீங்கள் சிறுமைப்பட வேண்டாம். காப்பகமோ அம்மா வீடோ பாருங்கள். அறுபதுகூட ஆகாத, கைகால் திடமான மாமியார் என்றால் ஒன்றரை மணி நேரத்தோடு நிறுத்தாமல் தைரியமாக அரை நாள் கேளுங்கள். தயங்கித் தயங்கிக் கேட்டால் கிள்ளித்தான் கிடைக்கும். ‘அவருக்கே தெரிய வேண்டாமா?’ என்று காத்திருந்த மாதங்களைத்தான் நான் திரும்ப வாங்க முடியாது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது மருமகள்களுக்கும் சேர்த்துத்தான் போல.

இன்னும் ஒரு மாதத்தில் என் மகளுக்கு இரண்டு வயது முடிகிறது. அங்கன்வாடியில் சேர்ப்பதா, இப்போதைய ஆளையே தொடர்வதா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. மாமியாரைக் கேட்டேன். “நீங்க சொல்றபடி” என்றார். அந்தப் பதில் மட்டும் மாறவில்லை.

போன வாரம் ஐந்தே முக்காலுக்கு ஆபீஸ் போனில் அவர் குரல். “ஆத்தா, பிள்ளை அழுகுது.” நான் பையை எடுத்து, வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே, “என்ன அயித்தை, விழுந்துட்டாளா?” என்றேன். பின்னால் அழுகைச் சத்தமே இல்லை, சீரியல் பாட்டு கேட்டது. “இல்ல இல்ல. பொம்மைய யாரோ எடுத்துட்டாகன்னு அழுதா. மாவுருண்டை குடுத்தேன், நிப்பாட்டிட்டா. நீ மெதுவா வா” என்று போனை வைத்துவிட்டார்.